கிராமத்துக் கத்தோலிக்கக் கல்லறையில் முன்னோரைத் தேடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாத்தாவின் அப்பா யார், அவர் எந்த ஊரிலிருந்து வந்து குடியேறினார் என்று தேட ஆரம்பிக்கும் கத்தோலிக்கக் குடும்பத்தாருக்கு முதலில் நினைவுக்கு வருவது சொந்த ஊர்க் கல்லறைத் தோட்டம்தான். கீழே உள்ள பதில்கள் தமிழ்நாட்டுக் கிராமப் பங்குகளை, அதாவது ஒரு குருவின் பொறுப்பில் உள்ள கோயிலையும் அதைச் சேர்ந்த ஊர்களையும், மனத்தில் வைத்து எழுதியவை. சென்னை, புதுச்சேரி போன்ற நகரக் கல்லறைகளின் கதை வேறு.

கல்லறைக்குப் போனால் எத்தனை தலைமுறை கிடைக்கும்?

கல்லை மட்டும் நம்பிப் போனால் இரண்டு தலைமுறை, அதிர்ஷ்டம் இருந்தால் மூன்று. கிராமத்தில் முன்பு பெரும்பாலோருக்கு மண்மேடும் ஒரு மரச்சிலுவையும்தான். நாலைந்து மழைக்காலத்தில் மேடு அமுங்கிவிடும், சிலுவையைக் கரையான் தின்றுவிடும். பிறகு அதே குடும்பத்தில் இன்னொருவர் இறந்தால் அதே இடத்தில் திரும்பவும் குழி வெட்டுவார்கள். பெயர் வெட்டிய கல் வைக்க முடிந்தவர்கள் நிலபுலன் உள்ளவர்கள், கணக்கு வேலை பார்த்தவர்கள், கொழும்புக்கோ ரங்கூனுக்கோ போய்ச் சம்பாதித்து வந்தவர்கள். ஆகவே உங்கள் பூட்டனாருக்குக் கல் இல்லை என்றால் வியப்பதற்கு ஒன்றும் இல்லை.

அப்படியானால் எதற்குப் போக வேண்டும்? உங்கள் குடும்பம் எந்த மூலையில் அடக்கம் செய்கிறது, பக்கத்தில் யாருடைய குடும்பம் இருக்கிறது, கடைசியாக உள்ள கல்லில் என்ன ஆண்டு என்பதைப் பார்க்க. இந்த மூன்றும் தெரிந்தால் பங்கு அலுவலகத்தில் எந்தப் புத்தகத்தில் எந்த ஆண்டைக் கேட்பது என்று தெரிந்துவிடும். கல், கோயில் புத்தகம், ஊர்ப் பெரியவர்களின் நினைவு மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்காமல் எழுதப்பட்ட குடும்ப மரம் எதையும் நான் நம்புவதில்லை.

எப்போது போவது நல்லது?

நவம்பர் 2. சகல ஆத்துமாக்கள் திருநாள், ஊர் வழக்கில் கல்லறைத் திருநாள். அதற்கு முந்தின வாரமே முள் வெட்டி, புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து வைத்திருப்பார்கள். வருஷம் முழுக்கப் புதர் மண்டிக் கிடக்கும் இடம் அன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரியும். அதைவிட முக்கியம், ஆட்கள் வருவார்கள். சாமியார் (பங்குத்தந்தை) வந்து மந்திரிக்கும்வரை (ஆசீர்வதிக்கும்வரை) ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கல்லறைப் பக்கம் நிற்கும். பெயரே இல்லாத ஒரு மேட்டின்மேல் மெழுகுவர்த்தி எரிகிறதா, அதை ஏற்றி வைத்தவருக்கு அங்கே யார் இருக்கிறார் என்று தெரியும். நேராகப் போய்க் கேளுங்கள்.

கேட்கும்போது "உங்கள் வம்சாவளி சொல்லுங்கள்" என்று ஆரம்பித்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "இது யாரு பாட்டி, உங்களுக்கு என்ன முறை?" என்று கேளுங்கள். நம் ஊர்ப் பெரியவர்களின் மனசில் உறவு முறையாகத்தான் இருக்கிறது. "அது எங்க அய்யாவோட சின்னத்தா மகன்" என்று ஒரு வாக்கியம் வந்தால் மூன்று பேர் கிடைத்த மாதிரி. யார் சொன்னார், என்றைக்குச் சொன்னார் என்பதையும் கூடவே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே கல்லறைக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் சொல்வது சாதாரணம். யார் நெருங்கிய சொந்தம் என்பதை வைத்துத்தான் பின்னால் எடை போட முடியும்.

மற்ற நாட்களில் போனால் தனியாகப் போகாதீர்கள். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையையோ குழி வெட்டுகிறவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். சீமைக்கருவேல் முள்ளும் பாம்பும் ஒரு காரணம். அவர்களுக்குத் தெரிந்த அளவு சாமியாருக்குத் தெரியாது என்பது இன்னொன்று. சாமியார்கள் சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடுவார்கள்.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

பங்குத்தந்தையிடம். உள்ளே போக யாரும் தடுக்கப் போவதில்லை என்றாலும், படம் எடுக்கப் போகிறேன் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

எழுத்து தேய்ந்துபோன கல்லை எப்படிப் படிப்பது?

வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழச் செய்யுங்கள். உச்சி வெயிலில் வெறும் கல்லாகத் தெரிவது காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்தரைக்கும் எழுத்தாகத் தெரியும். பகலில்தான் போக முடிந்தது என்றால், ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து வெயிலைக் கல்லின்மேல் சாய்வாகத் திருப்பட்டும், இன்னொருவர் படம் எடுக்கட்டும். இருட்டின பிறகு கைப்பேசி விளக்கைக் கல்லோடு ஒட்டினாற்போல் வைத்தாலும் சரிதான். கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் சில கற்களில் எழுத்து எடுப்பாகத் தெரியும்.

செய்யக் கூடாதவை: கம்பி பிரஷ், ஆசிட், பிளீச்சிங் பவுடர், அரிவாள் நுனி. பல வருஷம் அடித்த சுண்ணாம்பு எழுத்துக்குள் கட்டியாக உறைந்திருக்கும். அதைச் சுரண்ட ஆரம்பித்தால் சுண்ணாம்போடு காரையும் பெயர்ந்து வரும், எழுத்தும் போய்விடும். மூங்கில் குச்சியால் தளர்ந்த மண்ணை மட்டும் எடுங்கள். ஒவ்வொரு கல்லையும் கிட்டத்தில் ஒரு படம், பக்கத்துக் கல்லறைகளும் தெரிகிற மாதிரி தள்ளி நின்று ஒரு படம் எடுங்கள். அந்த இரண்டாவது படம்தான் பின்னால் அதிகம் உதவும். புருஷன் பெண்டாட்டி, அண்ணன் தம்பி எல்லாம் அக்கம்பக்கத்தில்தான் இருப்பார்கள்.

எழுத்து வடிவமும் காலத்தைச் சொல்லும். 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. ணை, லை, னை ஆகியவை பழைய துதிக்கை வடிவத்தில் இருந்தால் கல் அநேகமாக அதற்கு முந்தியது. அநேகமாக என்று சொல்வதற்குக் காரணம், பழைய கொத்தர்கள் பழகிய கையை அரசாணைக்காக உடனே மாற்றிக்கொள்ளவில்லை. புள்ளியே வைக்காமல் வெட்டியிருந்தால் இன்னும் பழசாக இருக்கலாம்.

கல்லில் உள்ள தேதி புரியவில்லை. என்ன செய்வது?

மூன்று விதமான குழப்பம் வரும். முதலாவது தமிழ் எண். க, உ, ச, ரு, எ, அ போன்ற எழுத்துகள் காரணம் இல்லாமல் வரிசையாக நின்றால் அது எண்ணாக இருக்கும். ௧௮௯௨ என்றும் இருக்கும், பழைய முறையில் ௲௮௱௯௰௨ என்றும் இருக்கும், இரண்டும் 1892தான்.

இரண்டாவது தமிழ் வருஷப் பெயர். "தாது வருஷம் மாசி மாதம்" என்று மட்டும் இருந்தால், அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும் என்பதை மறக்காதீர்கள். தாது 1876-லும் வந்தது, 1936-லும் வந்தது. அதோடு தமிழ் வருஷம் சித்திரையில் தொடங்குவதால் தாது வருஷத்து மாசி என்பது 1877-ஆம் ஆண்டின் தொடக்கம் (அல்லது 1937). தை, மாசி, பங்குனி மூன்றுக்கும் ஓர் ஆண்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 

மூன்றாவது கொல்லம் ஆண்டு. கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கத்தில் 1075 என்று ஓர் எண்ணைப் பார்த்துவிட்டு ஆயிரம் வருஷக் கல்லறை என்று குதிக்க வேண்டாம். 825 கூட்டினால் 1900. ஆண்டின் முன்பாதியா பின்பாதியா என்பதைப் பொறுத்து 1899 அல்லது 1900.

கல்லில் ஒரு பெயர், கோயில் புத்தகத்தில் வேறு பெயர். ஒரே ஆள்தானா?

பெரும்பாலும் ஆம். பலர் பாதியில் தேடலை விடுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வெளிநாட்டுச் சாமியார் லத்தீனிலோ போர்த்துகீசியத்திலோ எழுதுவார். ஊர் தமிழில் கூப்பிடும். ஆகவே புத்தகத்தில் பேத்ருஸ் என்று இருப்பவர் ஊரில் ராயப்பன். பவுலுஸ் என்றால் சின்னப்பன். யோவான்னெஸ் என்றால் அருளப்பன். யாக்கோபுஸ் என்றால் யாகப்பன் அல்லது சந்தியாகு. அந்திரேயாஸ் என்றால் பெலவேந்திரன். ஸ்தெபானுஸ் என்றால் முடியப்பன். யோசேப்புஸ் சூசை, இக்னாசியுஸ் இன்னாசி, அலோசியுஸ் ஞானப்பிரகாசம், சவேரியுஸ் சவரிமுத்து. ஆக்னெஸ் என்று எழுதப்பட்ட பெண் ஊருக்கு இஞ்ஞாசியம்மாவாகவோ இஞ்ஞேசம்மாளாகவோ இருந்திருப்பார். இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு போனாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

சில பெயர்கள் காலத்தையும் காட்டிக்கொடுக்கும். லூர்து நகரில் மாதா காட்சி கொடுத்தது 1858-இல். லூர்துசாமி, லூர்தம்மாள் என்ற பெயர் அதற்கு முன் பிறந்தவருக்கு இருக்க வழியில்லை. பாத்திமா மேரி 1917-க்குப் பின். குழந்தை தெரேசாள் புனிதராக அறிவிக்கப்பட்டது 1925-இல். கல்லில் தேதி உடைந்துபோய்ப் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கும்போது இது கைகொடுக்கும்.

பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கம் இன்னொரு பொறி. ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை "அருளப்பன் மகன் சூசை, சூசை மகன் அருளப்பன்" என்று போய்க்கொண்டே இருக்கும். கல்லில் "சூ. அருளப்பன்" என்று இருந்தால் அது தாத்தாவா பேரனா என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. மனைவி பெயரும் இறந்த ஆண்டும் சேர்ந்து பொருந்தினால்தான் உறுதி. ஊரில் ஒரே பெயரில் ஐந்தாறு பேர் இருந்த காலத்தில் பட்டப்பெயர்தான் ஆளைப் பிரித்தது. மேட்டுவீட்டு அந்தோணி, மொட்டை அந்தோணி என்பது போல. அந்தப் பட்டப்பெயர் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. கிழவிகளிடம்தான் இருக்கும்.

கடற்கரைப் பரதவர் குடும்பங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. பர்னாந்து, கொஸ்தா, வாஸ், மிராந்தா போன்ற குடும்பப் பெயர்கள் தலைமுறை தாண்டி வருகின்றன. ஆனால் ஒரே ஊரில் பாதிப் பேர் பர்னாந்து என்றால் அதுவும் தொல்லைதான்.

கோயிலில் என்னென்ன புத்தகங்கள் இருக்கும்?

திருச்சபை ஆயர்கள் கூடிய திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1563-இல் திருமணங்களைப் பதிய வேண்டும் என்று கட்டளையிட்டது. 1614-இல் வந்த ரோமைச் சடங்கு நூல் ஐந்து புத்தகங்கள் வைக்கச் சொன்னது: ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம், இறப்பு, அப்புறம் வீடுவாரியாக ஆட்களை எழுதும் குடும்பப் பதிவேடு. இன்றைய திருச்சபைச் சட்டமும் ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நான, திருமண, இறப்புப் புத்தகங்களை வைத்திருக்க வேண்டும், பழைய புத்தகங்களைப் பத்திரமாகக் காக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

சட்டம் அப்படி, கிராமத்தில் நிலைமை வேறு. இறப்புப் புத்தகம்தான் மிகவும் ஏனோதானோவென்று எழுதப்பட்டது. சாமியார் இருபது ஊர் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் உபதேசியாரே (ஊரில் மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவர்) அடக்கத்தை நடத்திவிட்டு, பிறகு சாமியார் வரும்போது வாய்ச்சொல்லாகச் சொல்லியிருப்பார். வயதும் அப்படித்தான்: அறுபது, எழுபது, எண்பது என்று முழு எண்ணாகவே இருக்கும். இறந்தவரின் வயதிலிருந்து பிறந்த ஆண்டைக் கணக்குப் போட்டால் பத்து வருஷம் முன்னும் பின்னும் தேடத் தயாராக இருங்கள்.

நான் முதலில் கேட்பது குடும்பப் பதிவேட்டைத்தான். அது கிடைத்தால் ஒரு வீட்டின் ஆட்கள் எல்லாரும் ஒரே பக்கத்தில் இருப்பார்கள். அடுத்தது ஞானஸ்நானப் புத்தகம். அதில் ஓரத்தில் உள்ள குறிப்பை விட்டுவிடாதீர்கள். 1908 முதல் அமலான விதிப்படி ஒருவர் எங்கே திருமணம் செய்தாலும் அந்தத் தகவலை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அனுப்பி, அங்கே அவர் பெயருக்குப் பக்கத்தில் குறிக்க வேண்டும். பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போன பெரியப்பா எந்த ஊரில் யாரைக் கட்டினார் என்பது அந்த ஓரக் குறிப்பில் இருக்கலாம். ஞானத் தகப்பன், ஞானத் தாய் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவர்கள் மாமனோ அத்தையோதான்.

கல்லறை எங்கள் ஊரில் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர்ப் பங்கில் பழைய புத்தகம் இல்லை என்கிறார்கள்.

உங்கள் ஊர் எப்போது தனிப் பங்கானது என்று கேளுங்கள். அதற்கு முன்னால் அது வேறொரு தாய்ப் பங்கின் கிளை ஊராக இருந்திருக்கும், புத்தகம் அங்கேதான் இருக்கும். கோயில் நுழைவாயில் கல்வெட்டிலோ பங்கின் பொன்விழா மலரிலோ பிரிந்த ஆண்டு இருக்கும். பழைய தாய்ப் பங்கு இப்போது வேறு மறைமாவட்டத்தில்கூட (வேறோர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதியில்) இருக்கலாம்.

மறைமாவட்டங்களும் பிரிந்துகொண்டே வந்தவைதான். புதுச்சேரியிலிருந்து 1899-இல் கும்பகோணம் பிரிந்தது. திருச்சியிலிருந்து 1923-இல் தூத்துக்குடி, 1938-இல் மதுரை. கொல்லத்திலிருந்து 1930-இல் கோட்டாறு. மயிலாப்பூரிலிருந்து 1952-இல் தஞ்சாவூர். ஆயர் இல்லத்துக்கு ஆண்டுதோறும் பதிவேட்டின் நகலை அனுப்ப வேண்டும் என்று 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் சொன்னது. அனுப்பியிருந்தால், அன்றைய ஆயர் இல்லத்தில் இருக்கும். கரையான் அரித்த புத்தகத்துக்கு அதுவே மாற்று.

இன்னொரு சிக்கல் இரட்டை அதிகாரம். 1773-இல் சேசு சபை (ஜெசூயிட் துறவியர் சபை) கலைக்கப்பட்ட பிறகு, அவர்கள் பணி செய்துவந்த மதுரை மிஷன் ஊர்களைக் கோவாவிலிருந்து வந்த குருக்கள் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பிரெஞ்சு சேசு சபையார் 1830-களின் கடைசியில் திரும்பி வந்தபோது, போர்ச்சுகல் அரசரின் ஞான அதிகாரத்தின் கீழா, ரோமையின் நேரடி அதிகாரத்தின் கீழா என்று சண்டை மூண்டது. ஒரே ஊரில் கோவாக் கோயில் ஒன்று, சேசு சபைக் கோயில் ஒன்று என்று இரண்டு எழும்பின. குடும்பங்கள் கோபம் வந்தால் அந்தப் பக்கமும் சமாதானமானால் இந்தப் பக்கமும் போயின. அண்ணன் ஒரு கோயில் புத்தகத்திலும் தம்பி இன்னொரு கோயில் புத்தகத்திலும் இருப்பது இதனால்தான். 1886-இல் இந்தியாவில் முறையான மறைமாவட்டங்கள் ஏற்பட்டபோது சிக்கல் பெருமளவு தீர்ந்தது, ஆனால் மயிலாப்பூரின் கீழ் இருந்த ஊர்கள் சில அப்படியே நீடித்தன. 1840-க்கும் 1890-க்கும் இடையில் உங்கள் குடும்பம் திடீரென்று காணாமல் போனால் பக்கத்துக் கோயில் புத்தகத்தைப் பாருங்கள்.

லத்தீன் தெரியாமல் புத்தகத்தைப் படிக்க முடியுமா?

முடியும். சொற்கள் திரும்பத் திரும்ப ஒன்றேதான். பாப்திஸாவி என்றால் ஞானஸ்நானம் கொடுத்தேன். ஃபிலியுஸ் மகன், ஃபிலியா மகள், உக்ஸோர் மனைவி, விதுவா விதவை, பாத்ரினி ஞானப் பெற்றோர், ஒபீயித் இறந்தார், செபுல்துஸ் அடக்கம் செய்யப்பட்டவர். இத்தனை போதும், மீதி எல்லாம் பெயரும் ஊரும்தான். பழைய கையெழுத்துதான் மொழியைவிடப் பெரிய தடை. தெளிவாகத் தெரிகிற பக்கத்தில் ஆரம்பித்து, அந்தக் கைக்குப் பழகிய பிறகு தெளிவில்லாத பக்கத்துக்கு வாருங்கள்.

மாதங்களில் ஒரு கண்ணி இருக்கிறது. செப்டம்பரை 7 என்ற எண்ணோடு "பெர்" சேர்த்து எழுதுவார்கள். 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். அதை ஜூலை, ஆகஸ்ட் என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் தப்பாகப் போகும்.

திருமணப் புத்தகத்தில் "விலக்கு அளிக்கப்பட்டது" என்ற குறிப்பு எதற்கு?

தமிழ்க் குடும்ப மரம் போடுகிறவர்களுக்கு இது ஒரு புதையல். நமக்கு மாமன் மகளும் அத்தை மகளும் முறைப்பெண். திருச்சபைச் சட்டத்துக்கு அது நெருங்கிய இரத்த உறவு, தடை. கட்ட வேண்டுமானால் ஆயரிடம் அல்லது அவரிடம் அதிகாரம் பெற்றவரிடம் விலக்கு வாங்க வேண்டும். அந்த விலக்கை எந்த உறவுப் படிக்காக வாங்கினார்கள் என்று புத்தகத்தில் எழுதுவார்கள்.

பழைய கணக்கில் இரண்டாம் படி என்றால் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் தாத்தா பாட்டி பொது. மூன்றாம் படி என்றால் பூட்டன் பூட்டி பொது. முதற்படியும் இரண்டாம் படியும் கலந்து எழுதியிருந்தால் தாய்மாமன் அக்காள் மகளைக் கட்டியது. 1983-இல் வந்த புதிய சட்டம் எண்ணும் முறையை மாற்றிவிட்டது. அதன்படி மாமன் மகள், அத்தை மகள் உறவு நான்காம் படி. எந்த ஆண்டுப் பதிவு என்று பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இதன் பயன் என்னவென்றால், மாப்பிள்ளையின் அம்மாவைப் பற்றி எந்தத் தகவலும் இல்லாவிட்டாலும், இரண்டாம் படி விலக்கோடு மாமன் மகளைக் கட்டியிருந்தால் பெண்ணின் அப்பாவும் மாப்பிள்ளையின் அம்மாவும் உடன்பிறந்தவர்கள் என்று தெரிந்துவிடுகிறது. பெண் வழியைத் தேடுவதற்கு இதைவிடச் சுருக்கு வழி எனக்குத் தெரியாது. பெண்கள் வேறு ஊரிலிருந்து வாழ வந்தவர்கள். ஓலை (திருமண அறிவிப்பு) இரண்டு ஊர்க் கோயிலிலும் மூன்று ஞாயிறு வாசிக்கப்பட்டிருக்கும். திருமணப் பதிவில் பெண்ணின் ஊர் இருக்கும். அங்கே போனால் அவளுடைய ஞானஸ்நானப் பதிவும், அவளுடைய அண்ணன் தம்பிகளின் கல்லறைகளும் கிடைக்கும்.

எங்கள் ஊரில் இரண்டு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. எதில் தேடுவது?

ஏன் இரண்டு என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். பல ஊர்களில் தலித் கத்தோலிக்கருக்குத் தனி இடம், அல்லது ஒரே தோட்டத்தின் நடுவில் சுவர். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் உள்ள சுவர் ஊரறிந்தது. வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. செத்த பிறகும் பிரித்து வைத்த இந்த அநியாயத்தை மழுப்பி எழுதும் பங்கு மலர்களை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை.

தேடலைப் பொறுத்தவரை இதன் விளைவு என்னவென்றால், தலித் குடும்பங்களின் பகுதியில் பழைய கல் இன்னும் குறைவாக இருக்கும்; புத்தகத்தையும் நினைவையும்தான் அதிகம் சார்ந்திருக்க வேண்டும். புத்தகம் பெரும்பாலும் எல்லாருக்கும் ஒன்றுதான். பழைய பதிவுகளில் சாதியையும் எழுதியிருப்பதுண்டு. படிக்கக் கசப்பாக இருந்தாலும், ஒரே பெயருள்ள இருவரைப் பிரித்தறிய அது உதவும். இரண்டு தோட்டத்தையும் போய்ப் பாருங்கள். கலப்புத் திருமணம் செய்தவர்களைக் குடும்பம் எங்கே அடக்கம் செய்தது என்பது முன்கூட்டிச் சொல்ல முடியாதது.

இறந்தது நிச்சயம். கல்லறையிலும் இல்லை, புத்தகத்திலும் இல்லை. ஏன்?

1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பஞ்சத்திலும், வாந்திபேதி வந்த காலங்களிலும், 1918 விஷக் காய்ச்சலிலும் செத்தவர்களை ஊருக்கு வெளியே கிடைத்த இடத்தில் புதைத்தார்கள். எழுத ஆளும் இல்லை. தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு அக்காலச் சட்டப்படி மந்திரித்த மண்ணில் இடம் மறுக்கப்பட்டது. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த சிசுக்களுக்கும் அப்படியே. தோட்டத்தின் வேலிக்கு வெளியே மேடு ஏதும் தெரிகிறதா, அதைப் பற்றிக் கதை ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆனால் மெதுவாகக் கேளுங்கள், கூட்டத்தில் கேட்காதீர்கள்.

மற்றபடி, இலங்கைத் தோட்டத்துக்கும் மலாயாவுக்கும் பர்மாவுக்கும் போனவர்கள் அங்கேயே இறந்திருப்பார்கள். ஊரில் அவர்களுக்குப் பூசை ஒப்புக்கொடுத்திருப்பார்கள், கல்லறை இருக்காது. சில குடும்பங்கள் வெறும் பெயரை மட்டும் அப்பன் கல்லில் சேர்த்து வெட்டியிருக்கும். அதைப் பார்த்து இங்கே அடக்கம் என்று எழுதிவிடக் கூடாது.

பங்குத்தந்தை புத்தகத்தைக் கையில் தர மறுக்கிறார். சண்டை போடலாமா?

வேண்டாம். புத்தகம் பங்கின் ஆவணம், அதில் உயிரோடு இருப்பவர்களின் விவரமும் இருக்கிறது. கைப்பேசியில் படம் எடுத்துத் தள்ளுகிறவர்களைப் பார்த்தாலே சில சாமியார்களுக்குப் பயம். அதற்குக் காரணமும் உண்டு: பதிவேடுகளை மார்மன் சபையின் வம்சாவளிச் சங்கத்துக்கு நகலெடுக்கத் தரக் கூடாது என்று 2008-இல் வத்திக்கானே மறைமாவட்டங்களுக்கு எழுதியது.

நடைமுறையில் வேலை செய்வது இதுதான்: "புத்தகம் வேண்டாம் ஃபாதர், இந்தப் பெயர், இந்த ஆண்டு, இந்த அப்பா பெயர், இதற்கு ஒரு சான்றிதழ் போதும்" என்று எழுதிக் கொடுங்கள். கல்லறையில் எடுத்த படத்தைக் காட்டுங்கள். தேடும் ஆண்டு எவ்வளவு குறுகலோ அவ்வளவு சீக்கிரம் வேலை நடக்கும். தவக்காலத்திலும் கிறிஸ்மஸ் நேரத்திலும் போகாதீர்கள். கோயிலுக்கு ஏதாவது காணிக்கை கொடுப்பது மரியாதை.

எங்கள் குடும்பம் புனித சவேரியார் கையாலேயே ஞானஸ்நானம் பெற்றதாம். நிரூபிக்க முடியுமா?

முத்துக்குளித்துறைக் கடற்கரை ஊராக இருந்தால், நடந்திருக்கக்கூடியதுதான். சவேரியார் அங்கே வந்தது 1542-இல். ஆனால் பரதவர்கள் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 1535-37 வாக்கில், கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றுவிட்டார்கள். இன்ன குடும்பத்துக்கு இன்னார் கொடுத்தார் என்று ஆள் பெயரோடு காட்டும் புத்தகம் கிடையாது. குடும்பக் கதையாக எழுதி வையுங்கள், "குடும்ப வழக்கு" என்று பக்கத்தில் குறித்து.

உள்நாட்டு ஊர் என்றால் காலம் தள்ளிப்போகும். உள்நாட்டில் மறைபரப்பிய சேசு சபைக் குருக்களில் தெ நோபிலி மதுரைக்கு வந்தது 1606-இல். அருளானந்தர் ஓரியூரில் கொல்லப்பட்டது 1693-இல். வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சிப் பக்கம் வேலை செய்தது பதினெட்டாம் நூற்றாண்டில். பல குடும்பங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் சேர்ந்தன. பெரியவர் ஒருவர் ஞானஸ்நானம் பெற்ற பதிவில் பெற்றோரை அஞ்ஞானிகள் (கிறிஸ்தவர் அல்லாதவர்கள்) என்று குறித்திருந்தால், அவர்தான் உங்கள் வழியில் முதல் கத்தோலிக்கர். சில சமயம் அவருடைய பழைய பெயரும் இருக்கும். அதற்கு மேல் கோயில் புத்தகம் உதவாது.

அரசு ஆவணங்கள் உதவுமா?

உதவும். 1969-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிந்தைய இறப்பென்றால் கிராமப் பதிவு விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) வழியாகக் கிடைக்கலாம். பழைய புத்தகங்களை வட்டாட்சியர் அலுவலகத்திலோ சார்பதிவாளர் அலுவலகத்திலோ விசாரியுங்கள். நிலப் பத்திரங்கள் இன்னும் மேல்: "இன்னார் குமாரர் இன்னார்" என்று ஒரே வரியில் இரண்டு தலைமுறை, பாகப்பிரிவினைப் பத்திரமாக இருந்தால் அண்ணன் தம்பி அத்தனை பேரும்.

நாங்கள் மொரிஷியஸ், ரீயூனியன், தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர்கள். எங்கிருந்து தொடங்குவது?

கல்லறையிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் உங்கள் நாட்டுக் குடியேற்றப் பதிவு. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் போன ஒப்பந்தத் தொழிலாளர்களின் கப்பல் பட்டியலில் தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, ஊர் எல்லாம் எழுதப்பட்டன. சாதி என்ற கட்டத்தில் கிறிஸ்தவர் என்று இருக்கும். ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் சிதைத்து எழுதியிருப்பார்கள், அதனால் அதை உரக்கப் படித்துப் பார்த்து ஜில்லாவோடு பொருத்துங்கள். ஊர் உறுதியானால் அது அந்தக் காலத்தில் எந்தப் பங்கின் கீழ் இருந்தது என்று மறைமாவட்ட அலுவலகத்துக்கு எழுதுங்கள். புத்தகத்தில் பெயர் கிடைத்த பிறகு விமான டிக்கெட் எடுத்தால் போதும். நவம்பர் 2-ஐ ஒட்டி எடுங்கள்.

பழைய கல்லறையை இடித்து கிரானைட்டில் புதிதாகக் கட்ட நினைக்கிறோம். சரியா?

கட்டுங்கள், ஆனால் பழைய பலகையைத் தூக்கிப் போடாதீர்கள். ஊர் ஊராக இதுதான் நடக்கிறது. அப்பா அம்மா பெயரைப் படத்தோடு பளபளவென்று பதித்துவிட்டு, அதற்குள் இருக்கும் தாத்தா, பெரியப்பா, சின்ன வயதில் போன அத்தை எல்லாரையும் விட்டுவிடுகிறார்கள். இடிப்பதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். அந்தக் குழியில் அடக்கமான எல்லார் பெயரையும், தெரிந்த அளவு ஆண்டோடு, புதுக் கல்லில் வெட்டச் சொல்லுங்கள். ஆண்டு தெரியாவிட்டால் பெயர் மட்டும் போதும். பழைய பலகையைப் புதுக் கல்லறையின் பக்கச் சுவரிலேயே பதித்துவிடலாம், கொத்தனாருக்கு அது பெரிய வேலை இல்லை. வேலை நடக்கும்போது பக்கத்தில் ஆள் நில்லுங்கள், இல்லையென்றால் பலகை மண்ணோடு மண்ணாக லாரியில் ஏறிவிடும்.